கடன்பட்டவர் கையில் கணக்கு
(பைக்காராவில் முன்னாள் படைவீரர்கள், அவர்களுடைய வீட்டார் முன்னிலையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



படைவீரர் ஓய்வூதியம் பற்றிப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. 1932-ல் மின் உற்பத்தி தொடங்கிய பைக்காராவில் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். மலையின் அந்தப் பக்கம் வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையமும் ராணுவ மருத்துவமனையும் இருக்கின்றன. அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில், பட்டாளத்திலிருந்து வந்து இரண்டாவது வேலை பார்த்தவர்கள் பலர். பென்ஷன் என்ற பேச்சு இங்கே அடுப்படி வரைக்கும் புழங்குகிறது. ஆனாலும் மாதந்தோறும் வங்கிக்கு வரும் தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது, எதற்காகத் தரப்படுகிறது என்று கேட்டால், முப்பது வருடமாக வாங்குகிறவர்கூடத் தயங்குகிறார். அந்தத் தயக்கம் அவருடைய குறை இல்லை. அவருக்கு யாரும் விளங்கச் சொல்லவில்லை.

இன்று நான் நிலைநாட்ட விரும்புவது ஒன்றுதான். படைவீரரின் ஓய்வூதியம் அரசு பட்ட கடன். சட்டம் இதை ஒப்புக்கொண்டு நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. ஆனால் இந்தக் கடனில் கணக்குப் புத்தகம் கடன்பட்டவர் கையில் இருக்கிறது. நிரூபிக்கும் சுமை கடன் கொடுத்தவர் தலையில் இருக்கிறது. பற்று வைத்தவரே நோட்டையும் வைத்துக்கொண்டு, மளிகைக் கடைக்காரரைப் பார்த்து, சரக்குக் கொடுத்ததற்குச் சாட்சி கொண்டுவா என்று கேட்டால் எப்படி இருக்கும்? ஒரு சிப்பாயின் விதவை அலுவலக வாசலில் நிற்கும்போது நடப்பது அதுதான். இதைச் சில பகுதிகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. கடன் எப்படி ஒப்புக்கொள்ளப்பட்டது

புறநானூற்றில் பொன்முடியார் பாடிய 312-ஆம் பாட்டைப் பள்ளியில் படிக்காதவர் இல்லை. தாயின் கடனையும் தந்தையின் கடனையும் மேடைதோறும் சொல்கிறோம். அதே பாட்டில் வேந்தனுக்கும் ஒரு கடன் விதிக்கப்பட்டிருக்கிறது என்பதை ஏனோ அழுத்திச் சொல்வதில்லை. நடுகற்களிலும் இதே நினைப்பு உண்டு. போரிலோ ஆநிரை மீட்பிலோ பட்டவனுடைய குடும்பத்துக்கு நிலம் விட்ட செய்தியைச் சில கற்கள் சொல்கின்றன. உதிரப்பட்டி என்பது அந்த நிலம். கல்லில் வெட்டி ஊர் நடுவே நிறுத்தியதால் கணக்கு ஊரார் கண்முன் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் காலத்தில் 1971-ல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் அரசு மனம்வைத்துக் கொடுக்கும் பொருள் அன்று, பணி செய்தவரின் உரிமை என்றது. 1982 டிசம்பர் 17-ல் டி.எஸ். நகாரா வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இன்னும் ஒரு படி போனது. நகாரா பாதுகாப்பு அமைச்சகத்தில் வேலை பார்த்து 1972-ல் ஓய்வு பெற்றவர். 1979-ல் அரசு ஓய்வூதியக் கணக்கு முறையைத் தாராளமாக்கியது; ஆனால் குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு ஓய்வு பெறுகிறவர்களுக்கு மட்டும் என்றது. முந்தைய நாள் ஓய்வு பெற்றவருக்குக் குறைவு, மறுநாள் ஓய்வு பெற்றவருக்கு அதிகம். இந்தப் பாகுபாட்டை நீதிமன்றம் தள்ளியது. ஓய்வூதியம் என்பது முன்பே உழைத்துவிட்ட உழைப்புக்குப் பின்னால் வரும் கூலி என்ற கருத்து அன்று உறுதியானது. டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுவது இதனால்தான்.

2. சிப்பாயின் கணக்கு ஏன் வேறு

மின்வாரியத்திலோ பள்ளிக்கூடத்திலோ இருந்தவர் 58 அல்லது 60 வயதில் வீட்டுக்கு வருகிறார். பிள்ளைகள் அநேகமாகத் தலையெடுத்திருப்பார்கள். சிப்பாய் 35-க்கும் 40-க்கும் இடையில் வெளியே அனுப்பப்படுகிறார். பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருக்கும், தங்கைக்குக் கல்யாணம் ஆகியிருக்காது, வீடு பாதியில் நிற்கும். படை இளமையாக இருக்க வேண்டும் என்பதற்காக நாடு செய்துகொண்ட ஏற்பாடு இது. அதன் பலன் நாட்டுக்கு, செலவு அந்தக் குடும்பத்துக்கு.

கணக்கு இப்படிப் போகிறது. சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை உள்ளவர்களுக்குக் குறைந்தது 15 ஆண்டுப் பணி வேண்டும், அதிகாரிகளுக்கு 20. கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். அதில் பாதி வரை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். இதைத்தான் கம்யூட்டேஷன் என்கிறார்கள். ஒருவருடைய ஓய்வூதியம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாயை விட்டுக்கொடுத்தால், நாற்பது வயதை ஒட்டியவருக்கு ஏறக்குறைய 11 லட்சம் கையில் வரும். பிறகு 15 ஆண்டு மாதம் 10,000 பிடிப்பார்கள். மொத்தம் 18 லட்சம். பதினைந்து ஆண்டு முடிந்ததும் முழு ஓய்வூதியம் திரும்ப வேண்டும். அந்தத் தேதியை ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள் என்று எங்கு போனாலும் சொல்கிறேன். அகவிலைப்படி மட்டும் பிடித்தம் போக மீதித் தொகைக்கு இல்லாமல், முழு ஓய்வூதியத்துக்கும் கணக்கிடப்படும். இதைத் தெரியாமலே பலர் வங்கிப் புத்தகத்தைப் பார்த்துக் குழம்புகிறார்கள்.

1973-ல் மூன்றாவது ஊதியக் குழு சிப்பாய்களின் ஓய்வூதிய விகிதத்தைக் குறைத்துச் சிவில் ஊழியர்களோடு ஒன்றாக்கியது என்பது முன்னாள் படைவீரர் அமைப்புகளின் நெடுநாள் மனக்குறை. நான் அந்தக் குறையை நியாயம் என்றே கருதுகிறேன். இருவர் வெளியேறும் வயது வேறாக இருக்கும்போது விகிதம் ஒன்றாக இருப்பது சமத்துவம் ஆகாது.

இந்த மலையில் அந்த நாற்பது வயதுக்காரர் என்ன செய்கிறார்? மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் 10 சதவீதம் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கீடு உண்டு. அதில் தேர்வானவர் பிழைத்தார். மற்றவர்களுக்கு டெக்ஸ்கோ இருக்கிறது. 1986-ல் தமிழக அரசு தொடங்கிய இந்தக் கழகம் அரசு நிறுவனங்களுக்குக் காவல் பணிக்கு ஆள் அனுப்புகிறது. சிலர் சுற்றுலா வண்டி ஓட்டுகிறார்கள். எல்லையில் கம்பித் தொடர்பைக் காத்தவர், வயர்லெஸ் கருவியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர், கோவையில் ஒரு ஏ.டி.எம். வாசலில் இரவுக் காவலுக்கு உட்காருகிறார். காவல் வேலையை நான் தாழ்த்தவில்லை. அவர் கற்றதற்கு வெளியே விலை இல்லாமல் போனதைச் சொல்கிறேன்.

3. ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்

ஓ.ஆர்.ஓ.பி. பற்றி உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பதவியில் ஒரே அளவு காலம் பணியாற்றிய இருவர் எந்த ஆண்டு வெளியே வந்தாலும் ஒரே ஓய்வூதியம் பெற வேண்டும் என்பது கோரிக்கை. மாநிலங்களவையின் கோஷியாரி குழு 2011-ல் ஆதரித்தது. 2015 ஜூன் மாதம் தில்லி ஜந்தர் மந்தரில் முதியவர்கள் பதக்கங்களோடு உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 7-ல் ஆணை வந்தது. 2014 ஜூலை 1 முதல் அமல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுகணக்கு. ஆண்டுதோறும் சமன்செய்ய வேண்டும் என்ற வழக்கை 2022 மார்ச் 16-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2019 ஜூலைக்கான மறுகணக்குக்கு அமைச்சரவை ஒப்புதல் 2022 டிசம்பரில்தான் கிடைத்தது. மூன்றரை ஆண்டுத் தாமதம். எண்பதைத் தாண்டிய ஒரு நாயக்குக்கு மூன்றரை ஆண்டு என்பது என்ன என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டாம்.

4. நிரூபிக்கும் சுமை

இன்றைய பேச்சின் மையம் இதுதான்.

தரம்வீர் சிங் வழக்கைச் சொல்கிறேன். சிக்னல்ஸ் பிரிவில் 1985-ல் சேர்ந்தவர். சேரும்போது உடல் தகுதிச் சோதனையில் எந்த நோயும் குறிக்கப்படவில்லை. சுமார் ஒன்பது ஆண்டு கழித்து வலிப்பு நோய்க்காக வெளியே அனுப்பப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவக் குழு எழுதியது. ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு என் வாதத்துக்கு அடித்தளம். சேரும்போது குறிக்கப்படாத நோய் பணிக்காலத்தில் வந்தால், அது பணியால் வந்தது என்றே முதலில் கொள்ள வேண்டும். இல்லை என்று நிறுவ வேண்டியது அரசு. காரணம் எழுதாத மருத்துவக் குழுவின் முடிவு போதாது. ஐயம் எழுந்தால் அதன் பலன் வீரனுக்கு. சுமை அன்று இடம் மாறியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கு, 50 சதவீதத்துக்குக் கீழான ஊனத்தை 50 என்றும், 75 வரை உள்ளதை 75 என்றும் அதற்கு மேற்பட்டதை 100 என்றும் உயர்த்திக் கணக்கிடும் சலுகையைப் பணிக்காலம் முடிந்து வந்தவர்களுக்கும் உறுதிசெய்தது.

தீர்ப்பு இருக்கிறது. ஆனால் அதைக் கையில் எடுக்க ஒருவர் படைவீரர் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். நமக்குரிய அமர்வு சென்னையில். பைக்காராவிலிருந்து 550 கிலோமீட்டருக்கு மேல். வென்ற பிறகும் மேல்முறையீடு வரலாம். 2023 செப்டம்பரில் வந்த புதிய தகுதி விதிகள் சுமையைப் பழையபடி வீரர் பக்கம் நகர்த்துகின்றன என்று படைவீரர் அமைப்புகள் அஞ்சுகின்றன. அந்த அச்சத்தை நான் பகிர்ந்துகொள்கிறேன்.

இப்போது விதவைகளின் நிலைக்கு வருகிறேன். படைவீரர் இறந்தால் மனைவிக்கு வருவது ஒரே வகைத் தொகை இல்லை. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஓய்வு பெற்றவர் இறந்திருந்தால் முதல் ஏழு ஆண்டுக்கு, அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்க வேண்டிய நாள் வரை, எது முந்தியோ அதுவரை 50 சதவீதம். பணியின் காரணமாக நேர்ந்த மரணம் என்றால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் 60 சதவீதம். போரில் என்றால் கடைசிச் சம்பளம் முழுவதும். முப்பதுக்கும் அறுபதுக்கும் நூறுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை முடிவு செய்வது, மரணம் நடந்த இடத்தில் அதிகாரிகள் எழுதும் விசாரணைக் குறிப்பு. அதை எழுதும்போது அவள் அங்கே இல்லை. அதன் நகல் தன்னாலே அவள் கைக்கு வருவதுமில்லை.

ஒரு டிஸ்சார்ஜ் புக்கைத் திறந்து பாருங்கள். படை எண், பதவி, சேர்ந்த நாள், வெளியேறிய நாள், மருத்துவ நிலை, மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், பிறந்த தேதிகள். எல்லாம் ஆங்கில எழுத்தில், ஒரு பட்டாலியன் எழுத்தர் கேட்டு எழுதியது. அந்த எழுத்தர் தமிழ் தெரிந்தவராக இருந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத நாலைந்து வழி உண்டு. புத்தகத்தில் ஒரு வழி, வாக்காளர் அட்டையில் இன்னொன்று, ஆதாரில் மூன்றாவது. தமிழரும் படகரும் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறோம். படிவமோ குடும்பப் பெயர் கேட்கிறது. கணவர் உயிரோடு இருக்கும் வரை இது யாருக்கும் பிரச்சினை இல்லை. அவர் காலமான பதினாறாம் நாள் இதே எழுத்து வேறுபாடு, நீதான் அவர் மனைவியா என்ற கேள்வியாக மாறுகிறது.

பிறந்த தேதி இன்னும் நுட்பமானது. கல்யாணம் ஆனதும் அதைப் படைப் பதிவில் ஏற்றும் பார்ட் டூ ஆர்டர் போடும்போது மனைவியின் வயதை உத்தேசமாகச் சொன்னவர்கள் ஏராளம். ஓய்வூதியத்திலும் குடும்ப ஓய்வூதியத்திலும் 80 வயதில் 20 சதவீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100 வயதில் இரண்டு மடங்கு. அன்று உத்தேசத்தில் ஐந்து வயது குறைத்துச் சொல்லியிருந்தால், அந்த அம்மாவுக்கு ஐந்து ஆண்டுக் கூடுதல் தொகை போச்சு. திருத்தலாம். திருத்தம் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகப் போக வேண்டும். மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், பஸ்ஸில் போய் வரலாம். சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப் படை என்றால் நாசிக், மருத்துவப் படை என்றால் லக்னோ. அதன் பிறகு பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகம். கொழுந்து பறித்துக் கணவனுக்குக் கடிதம் போட்ட ஒரு பெண், எழுபது வயதில் இந்த ஊர்களின் பெயர்களைக் கற்றுக்கொள்கிறாள்.

படைவீரர் ஓய்வூதியத்துக்கு ஸ்பர்ஷ் என்ற இணைய முறை வந்த பிறகு நன்மை உண்டு, மறுக்கவில்லை. பி.பி.ஓ.வை, அதாவது ஓய்வூதியம் வழங்கும் ஆணையை, கணினியில் பார்க்கலாம், கணக்கு விவரம் தெரியும். ஆனால் 2022 ஏப்ரல் மாத ஓய்வூதியம் 58,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் குறித்த நாளில் வரவில்லை. ஆண்டு அடையாளச் சரிபார்ப்பு பதிவாகவில்லை என்பது காரணம். பிறகு விலக்கு அளித்துப் பணம் போட்டார்கள். ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தியை ஒவ்வோர் ஆண்டும் அவரே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேராவிட்டால் கடன் நின்றுவிடும். தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி படிப்பதில்லை. முகத்தைக் காட்டிச் சான்று தரும் வசதி இப்போது கைபேசியில் வந்துவிட்டது. மழைக்காலத்தில் இந்தப் பக்கம் சிக்னல் எப்படி இருக்கும் என்பது நீங்கள் அறிந்ததே.

இது எளியவர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. குன்னூரில் வாழ்ந்த ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவை எண்ணிப் பாருங்கள். 1973 ஜனவரியில் அந்தப் பதவி அவருக்குத் தரப்பட்டது. ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வு கிடையாது, ஆயுள் முழுவதும் அப்பதவிக்குரிய சம்பளம் உண்டு. அந்தச் சம்பளம் அவருக்கு முழுதாக வரவில்லை. குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் வெலிங்டனில் அவரைச் சந்தித்த பிறகே, 2007-ல், முப்பது ஆண்டுக்கு மேலான நிலுவை ஒரு கோடி ரூபாயைத் தாண்டிய காசோலையாக வந்தது. மறு ஆண்டு ஜூன் 27-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் அவர் காலமானார். 1971 போரை நடத்திய தளபதிக்கே குடியரசுத் தலைவர் நேரில் வர வேண்டியிருந்தது. அந்தப் போரில் துப்பாக்கி ஏந்திய நாயக்கின் மனைவிக்கு யார் வருவார்?

வழி இருக்கிறது. உதகையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அதன் ஆட்கள் மனுவை எழுதித் தருவார்கள். ஆனால் அங்கே போவது மரணத்துக்குப் பிறகு என்று ஆகிவிட்டது. கணவர் இருக்கும்போதே இருவரும் சேர்ந்து போக வேண்டும். பி.பி.ஓ.வில் மனைவி பெயர் ஏறியிருக்கிறதா, ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா, மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் அந்தப் பெயர் ஆயுட்காலக் குடும்ப ஓய்வூதியத்துக்குப் பதிவாகியிருக்கிறதா, விதவையாகவோ மணவிலக்குப் பெற்றோ வீடு திரும்பிய மகள் இருந்தால் அவளுக்கு என்ன உரிமை என்று கேட்க வேண்டும். ஸ்பர்ஷின் கடவுச்சொல் மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். இது குடும்பம் செய்யக்கூடியது. அரசு செய்ய வேண்டியது வேறு: எழுத்து வேறுபாட்டைத் தானே கண்டுபிடித்து, தானே கடிதம் போட்டு, மாவட்டத்திலேயே தீர்க்க வேண்டும். புத்தகம் அதன் கையில் இருப்பதால் பிழையைத் தேடும் வேலையும் அதனுடையது.

5. கணக்கிலேயே வராதவர்கள்

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படை 25 லட்சத்தை எட்டியது. போர் முடிந்ததும் பெரும்பாலோர் ஓய்வூதியம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தமிழக அரசு அவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மாத உதவி தருகிறது. 1960-களிலும் 70-களின் முற்பகுதியிலும் சேர்ந்தவர்களில் பலருக்கு ஏழாண்டு நேரடிப் பணி, எட்டாண்டு ரிசர்வ் என்று ஒப்பந்தம். இரண்டும் சேர்ந்து 15 ஆண்டு நிறைந்தால் ரிசர்விஸ்ட் பென்ஷன். ரிசர்வுக்கு அனுப்பப்படாமலே விடுவிக்கப்பட்டவருக்கு அதுவும் இல்லை.

அப்படி விடுபட்டவர்களில் ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்த 65 வயது கடந்தவர்களுக்கும் விதவைகளுக்கும் கேந்திரிய சைனிக் போர்டு வழியாக வறுமை நிவாரண உதவி உண்டு. மாதம் 4,000 ரூபாயாக இருந்த அது 2025 நவம்பர் முதல் 8,000 ரூபாய். இரட்டிப்பானது நல்லது, மனமார வரவேற்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆனாலும் இது கொடி நாள் நிதியைச் சார்ந்த உதவி. டிசம்பர் 7-ல் பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொள்ளும் கொடியிலிருந்து வருவது. பொதுமக்களின் அன்பு ஒரு பக்கம் இருக்கட்டும். எல்லையில் ஏழாண்டு நின்றவர் தன் வறுமையை நிரூபித்து மனு போட வேண்டிய நிலையைக் கடன் தீர்ந்ததாக என்னால் ஏற்க முடியாது.

கடைசியாக அக்னிவீரர்கள். 2022 ஜூன் 14-ல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, பதினேழரை வயதிலிருந்து எடுக்கப்படும் இளைஞர்கள் நான்கு ஆண்டு பணி செய்வார்கள். 25 சதவீதம் வரை நிரந்தரப் பணிக்குப் போகலாம். மற்றவர்கள் சேவா நிதியாக ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்புவார்கள். ஓய்வூதியம் கிடையாது. பணியால் வந்த ஊனத்துக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. ஊனத்தின் அளவைப் பொறுத்து 15, 25 அல்லது 44 லட்சம் என ஒரே தவணை. கடனை ஒப்புக்கொண்டு தாமதிப்பது ஒன்று. கடனே உருவாகாதபடி ஒப்பந்தத்தை எழுதுவது இன்னொன்று. தரம்வீர் சிங்குக்கு ஒன்பதாம் ஆண்டில் வலிப்பு வந்தது. நான்காம் ஆண்டு முடிந்து வந்த பையனுக்கு ஆறாம் ஆண்டில் காது மந்தமானால், முதுகுத்தண்டு வலித்தால், எந்தத் தாளைக் காட்டி யாரிடம் போவான்?

முதல் அணியினரின் நான்காண்டு 2026 இறுதியிலிருந்து நிறைவடையத் தொடங்குகிறது. வெலிங்டனில் பயிற்சி பெற்றவர்களும் அதில் உண்டு. ஓய்வூதியம் பற்றிய பெரிய வாதம் நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் நடக்கட்டும். அதற்கு முன்பே செய்யக்கூடிய ஒன்றை இங்கே கேட்கிறேன். வெளியேறும் ஒவ்வொரு அக்னிவீரனுக்கும் சேர்ந்த நாளின் மருத்துவக் குறிப்பு, வெளியேறும் நாளின் மருத்துவக் குறிப்பு, எந்த இடத்தில் எத்தனை மாதம் நின்றான், எந்தக் காயத்துக்கு எந்த மருத்துவமனையில் படுத்தான் என்ற விவரம் அனைத்தும் முத்திரையிட்ட நகலாக, அவனுக்குப் புரியும் மொழியில், அவன் கையில் கொடுக்கப்பட வேண்டும். இன்னொரு நகல் மாவட்ட நல அலுவலகத்தில் இருக்க வேண்டும். இதைக் கோரும் மனுவின் படிவத்தை உதகை நல அலுவலகத்துக்கும் வெலிங்டன் மையத்துக்கும் அனுப்பத் தயாராக எழுதி வைத்திருக்கிறேன். அக்னிவீரர்களின் பெற்றோர் இங்கே இருந்தால் கூட்டம் முடிந்ததும் படித்துப் பார்த்து, சரியென்று பட்டால் கையெழுத்திடுங்கள். டிஸ்சார்ஜ் புக்கும் பி.பி.ஓ.வும் கொண்டுவந்திருப்பவர்களோடு பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்க்க, கடைசி பஸ் கிளம்பும் வரை நான் இங்கே இருப்பேன்.